டிரங்குப் பெட்டியில் கிடந்த கடிதம்

என் சித்தப்பா ராணுவத்தில் 22 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வரும்போது ரத்த அழுத்தமும் கூடவே வந்தது. ஓய்வு பெறும்போது உடம்பைச் சோதிக்கும் ராணுவ டாக்டர்கள் குழு, அதாவது ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அவருக்கு ஊனம் 30 சதவீதம் என்று எழுதியது. அதே தாளில், "பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகரித்ததும் அல்ல" என்றும் எழுதியது. காரணம், நோய் தொடங்கியபோது அவர் பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டை இல்லாத அமைதிப் பகுதி முகாமில், இருந்தாராம். டிசெபிலிட்டி பென்ஷன் (ஊனத்துக்கான ஓய்வூதியம்) கிடையாது என்று கடிதம் வந்தது. மனுஷன் அதை நாலாக மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். ஆறு வருடம் அங்கேயே கிடந்தது. "கவர்மெண்டே எழுதிட்டான், அப்புறம் என்னடா?" என்பார்.

எனக்கு ஆத்திரம் அந்த ஒற்றை வரி மேல்தான். பீஸ் ஸ்டேஷன் என்றால் காவல் டியூட்டி இல்லையா, லீவு கிடைக்குமா கிடைக்காதா என்ற தவிப்பு இல்லையா? அதற்கு முன்னால் எல்லையில் கழித்த வருடங்களை உடம்பு மறந்துவிடுமா?

இதை உச்ச நீதிமன்றம் 2013லேயே பேசிவிட்டது. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985ல் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்தவர், 1994ல் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். ஊனம் 20 சதவீதம். அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான்: சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் இல்லையென்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்துடையது, சிப்பாயுடையது அல்ல. போர்டு மறுத்தால் காரணம் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. இத்தனைக்குப் பிறகும் சித்தப்பாவுக்கு அதே பழைய வரியில் கடிதம் வருகிறது என்றால் என்ன சொல்வது? (2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் அவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும்.)

பொய் சொல்லி வாங்குகிறவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கலாம். அவர்களைப் பிடியுங்கள். அதற்காக எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டி அனுப்புவதா?

பணமும் சின்ன விஷயமில்லை. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்புக்குப் பிறகு, ஊனம் 20 சதவீதத்திலிருந்து 50க்குள் இருந்தால் அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். சித்தப்பாவின் 30, 50 ஆகிறது. அதாவது அந்த 30 சதவீதத்தில் பாதி, கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம், சர்வீஸ் பென்ஷனுக்கு மேல், மாதா மாதம்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் போனால் இரண்டாவது. அப்புறம் ஆயுதப்படைத் தீர்ப்பாயம், சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. காலம் தாண்டினாலும் கதவு அடியோடு மூடுவதில்லை. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் தாமதமாகப் போனால் பாக்கித் தொகையைப் பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். சித்தப்பா ஜெயித்தாலும் பெட்டியில் கடிதம் தூங்கிய முதல் மூன்று வருடம் அநேகமாகப் போனது போனதுதான்.

போன வாரம் மனு போட்டோம். அவரைச் சேர்த்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பின் நகலையும் கேட்டிருக்கிறோம். எதற்கு என்று கேட்டார். "சேரும்போது நீங்க நல்லா இருந்தீங்கன்னு காட்டத்தான் சித்தப்பா" என்றேன். "அது தெரியாமலா என்னைச் சேர்த்தான்?" என்றார்.