கெமிஸ்ட்ரி நம்ம பெக்டரியிலேயே இருக்கு, பிள்ளைங்க கண்ணுலதான் படல

நான் ஏ.எல் படிச்ச காலத்துல திரவத்த சொட்டுச் சொட்டா விட்டு அளக்குற கண்ணாடிக் குழாயான அளவியைக் (பியூரெட்) கையால தொட்டது ஒரே ஒரு நாள்தான். நாப்பது பேருக்கு ரெண்டு அளவி, எட்டிப் பாத்துட்டு வந்து அமிலத்தோட செறிவ கண்டுபிடிக்கிற நியமிப்புக் கணக்க பழைய பேப்பர்ல இருந்து பாடமாக்கி எழுதினோம். சேரைக் குறை சொல்லமாட்டேன், அந்த அமிலப் போத்தலையே அவரு சொந்தக் காசுலதான் வாங்கிட்டு வந்தாரு.

ஆனா ஒட்சியேற்றம் (ஒக்சிடேஷன்) படிக்க அம்மா வேலை செஞ்ச தேயிலை பெக்டரியே போதுமா இருந்திருக்கும். வாட்டின கொழுந்த ரோலர்ல போட்டு கசக்குறாங்க, இலையோட கலம் (செல்) உடைஞ்சு உள்ள தனித்தனியா இருந்த நொதியமும் (என்சைம்) கட்டெக்கின்ங்கிற பொருளும் சேருது, காத்துல உள்ள ஒட்சிசன் பட்டு அது தியாபிளேவின், தியாருபிஜின்ங்கிற நிறப்பொருளா மாறுது, பச்சை இலை செம்பு நிறமாகுது. பெர்மென்டிங்னு பேர் வச்சிருக்காங்களே தவிர அது நுண்ணுயிர் வேலை இல்ல, ஒட்சியேற்றம்தான். டிரையர்ல சூடு பட்டதும் நொதியம் செயலிழந்து எல்லாம் நின்னுபோகுது. தாக்க வீதம், வெப்பநிலை, நொதியம், மூணு பாடமும் ஒரே கட்டடத்துக்குள்ள!

வீட்டுலயும் செய்யலாம். பிளேன்டீயில தேசிக்காய் பிழிஞ்சா நிறம் வெளுக்குது பாருங்க. நுவரெலியா மார்க்கட்ல கிடைக்கிற சிவப்பு கோவாவ அவிச்ச தண்ணி அமிலமா காரமான்னு நிறத்தால சொல்ற நல்ல காட்டி, வினாகிரி விட்டா ரோஸ், அப்பச்சோடா போட்டா நீலம்.

தலவாக்கலையில இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ல தொடங்கினது, நூறு வருஷமாச்சு. நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேர் அங்க உள்ள போய் பாத்திருக்காங்க? 2021ல இரசாயன உரத்த ஒரேயடியா நிப்பாட்டினப்போ கொழுந்து குறைஞ்சு, ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு (நாள் பேர்) வேண்டிய கிலோ எடுக்க முடியாம எங்க சனம் பட்ட பாடு எனக்குத் தெரியும். கொம்போஸ்ட்ல நைதரசன் எவ்வளவு இருக்கு, அது செடிக்குப் போதுமான்னு அளந்து சொல்ல தோட்டத்துல ஒரு ஆள் இல்ல. தேயிலைக்கு மண்ணோட அமிலத்தன்மைய காட்டுற பிஎச் 4.5 லேர்ந்து 5.5 இருக்கணும், யூரியா போடப் போட மண் இன்னும் அமிலமாகும், அந்த அமிலத்தக் குறைக்கத்தான் டொலமைட்ங்கிற சுண்ணாம்புக்கல் தூள் போடுறாங்க, இத பத்தாம் வகுப்புப் பிள்ளையே அளந்து பழகலாமே.

கம்பஸ் போனா எல்லாம் இங்கிலிஷ்ல. தமிழ்ல நல்லா படிச்ச பிள்ளை முதல் வருஷம் வாய மூடிட்டு உக்காந்திருக்கு, அதுக்கு ஏ.எல்லயே ரெண்டு மொழியிலயும் பாடத்துல வர்ற சொற்கள பழக்கிவிடணும்.

சனிக்கிழமை நாங்க நாலு பேர் தோட்டத்து ஹோல்ல வகுப்பு வைக்கிறோம். பாவிக்காத அளவி, குழாயி (பிப்பெட்), பாசிச்சாயத்தாள் (லிட்மஸ்) யார்கிட்டயாவது இருந்தா இன்பொக்ஸ்ல சொல்லுங்க, வந்து எடுத்துக்கிறோம்.