அப்பாயி பிடித்து நடக்கும் சுவர்

ஒக்டோபர் 1 முதியோர் தினம். அந்த விழாவுக்காக, அட்டன் பக்கம் அப்பாயி இருக்கும் இல்லத்துக்குச் செப்டெம்பர் கடைசி வாரத்தில் பெயின்ட் அடித்தார்கள். யாரோ நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்த பெயின்ட்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவசரத்தில் எல்லா அறைகளையும் ஒன்றாகக் காலி செய்து, கட்டில்களை ஹோலில் நெருக்கிப் போட்டுவிட்டார்கள். அப்படியே நான்கு நாள்.

அப்பாயிக்குக் கண் மங்கல். கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டேதான் போவார். மழையிலும் மூடுபனியிலும் அந்தச் சுவர் எங்கே காயும்? நான் போன அன்று அவர் உள்ளங்கை முழுக்கப் பச்சை. "தண்ணி குடிச்சா எந்திரிக்கணுமேப்பா" என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு இழுப்பு. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் எனமல் வாடை. இரவெல்லாம் இருமினாராம்.

பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் சுவரெல்லாம் பங்கஸ் பிடிக்கும், அதுவும் நெஞ்சுக்கு ஆகாது. ஆனால் அடிக்கும் காலம் இதுவல்ல. எங்கள் பக்கம் மழை குறைவது பெப்ரவரி, மார்ச்சில். அப்போதும் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. அந்தக் குளிரில் தண்ணீர்ப் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. ஆகவே வேலை காலை 10 மணிக்குத் தொடங்கி, பின்னேரம் 3 மணிக்குள் முடிய வேண்டும். வயதானவர்கள் வெயில் காய முற்றத்துக்கு வருவதும் அந்த நேரத்தில்தான்! ஒரு நாளைக்கு ஓர் அறை. வாடை குறைந்த பெயின்ட். அந்த அறைக்காரர்களுக்கு மட்டும் இரண்டு இரவு வேறு கட்டில், அப்புறம் பழைய இடத்துக்கே திரும்பலாம். மறதி நோய் உள்ளவர்களுக்குக் கட்டில் திசை மாறினாலே தடுமாற்றம் வந்துவிடும்.

பெயின்டுக்கு முன்னால், மழைத்தண்ணீர் வழிந்தோடும் கூரைப் பீலியைப் பாருங்கள். ஒழுகும் பீலியை விட்டுவிட்டுச் சுவருக்கு அடித்தால் அடுத்த மழைக்கே உரியும். பழைய கட்டடத்தில் காய்ந்த பெயின்டை அப்படியே தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள். பெயின்டில் நஞ்சான ஈயத்துக்கு இலங்கையில் சட்ட வரம்பு வந்ததே 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சென்றால் நனைத்துத் தேய்க்க வேண்டும், ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு.

நிறத்தையும் யோசியுங்கள். வயதான கண்ணுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி கண்ணில் படாது. கழிப்பறைக் கதவுக்கு மட்டும் எடுப்பான ஒரு நிறம் அடித்தால் எத்தனையோ பேர் தனியாகப் போய் வருவார்கள்.

அறை அறையாகச் செய்தால் நாள் கூடும், பெயின்ட் அடிக்கும் பாஸ்மாருக்குக் கூலியும் கூடும். உதவி செய்கிறவர்கள் பெயின்ட் வாளியோடு நிறுத்திக்கொள்வதால்தான் எல்லாம் அவசர வேலையாகிறது. தயவுசெய்து கூலிக்கும் சேர்த்துக் கொடுங்கள். அதையும் தை மாதத்திலேயே கொடுங்கள்.

அப்பாயியின் தலைமாட்டில் தொங்கிய எங்கள் தாத்தாவின் படம் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது. புதுச் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்றார்களாம். பொறுப்பாளர் அக்காவிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு சுத்தியலோடு போகிறேன்.