கேட்காத பிள்ளையும் கேட்க முடியாத பிள்ளையும்

பதினோரு வருஷமாக அரசுத் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். "சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்" என்று எத்தனை அம்மாக்களிடம் புகார் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். டிக்டேஷன் போட்டால் பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பான், காப்பி அடிக்கிறான் என்று இரண்டு தடவை வெளியே நிற்க வைத்தேன். வாய் எப்போதும் லேசாகத் திறந்தே இருக்கும். மருத்துவப் பரிசோதனைக்கு வந்த டாக்டரம்மா அவன் காதில் டார்ச் அடிக்குமுன் உள்ளேயிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எடுத்தார், மஞ்சளாகக் காய்ந்து, பக்கத்தில் நின்ற எனக்கே நாற்றம் அடித்தது. சீழ் வடிவது யாருக்கும் தெரியக்கூடாது என்று வீட்டில் வைத்து அனுப்பியது. நான் தினமும் பார்க்கிற பையன்.

சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகிற குழாய் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் இருக்கும். அதனால்தான் சளி பிடித்தால் சட்டென்று காதுக்குப் போகிறது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கினால் வாயால் மூச்சு விடுவார்கள், குறட்டை விடுவார்கள், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். இதில் பெரும்பாலும் வலியே இருக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. சீழ் வடிந்தாலோ நாம் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவோம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாமே என்று யோசிக்காமல். குறும்பி எடுக்கிறேன் என்று பட்ஸால் இன்னும் உள்ளே தள்ளுகிற கதை தனி.

ஆர்.பி.எஸ்.கே. என்று 2013-ல் வந்த, பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கிற மத்திய அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை மருத்துவக் குழு வரவேண்டும். வருகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், எடை, பல், கண், தோல் என்று அத்தனை பிள்ளைகளையும் ஒரே நாளில் பார்த்தாக வேண்டும். ஆனால் காது கேட்கிறதா என்று சோதிப்பது வராண்டாவில், பக்கத்தில் சத்துணவுத் தட்டுகள் உருளும்போது! அதுவும் கட்டின நீர் இன்று இருக்கும், அடுத்த மாதம் வற்றிவிடும், மறுபடி சளி பிடித்தால் திரும்ப வரும். ஒரு நாள் வருகிறவர் கண்ணுக்குத் தப்பலாம், வருஷம் முழுக்க எதிரில் நிற்கிற எங்கள் கண்ணுக்குத் தப்பக்கூடாது.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது, அப்புறம்? பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டு, இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனுடைய பென்சில் டப்பாவில் நாலாக மடித்தபடி கிடந்தது. அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், மதியத்துக்குள் ஓ.பி. முடிந்துவிடும், அன்றைய கூலி போச்சு. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சீட்டு எழுதிக் கொடுப்பதோடு அரசாங்கம் தன் வேலை முடிந்ததாக நினைக்கிறது, அதுதான் எனக்குக் கோபம். மருத்துவக் குழு வந்த வண்டியிலேயே ஒரு நாள் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிப்போனால் என்ன?

இந்த வருஷம் என் வகுப்பில் காதுக்கு நாலு சீட்டு. பெற்றோர் போன் நம்பரைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு நச்சரிக்கிறேன். இரண்டு பேர் போய்வந்துவிட்டார்கள். ஒருவர் தீபாவளி கழியட்டும் என்கிறார். நாலாவது நம்பர் சுவிட்ச் ஆஃப், சனிக்கிழமை வீட்டுக்கே போகிறேன்.