"விழுந்திடுவீங்கள், இருங்கோ!"

வயதானவர்கள் வீட்டில் விழாமல் தடுப்பது பற்றிய கட்டுரை வழுக்காத மாபிள், கைப்பிடிக் கம்பியோடு முடிந்துவிட்டது. விழுந்திடுவோம் என்ற பயத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒருமுறை விழுந்தவர் நடையைக் குறைப்பார், தொடைத் தசை மெலியும், அடி சிறுக்கும், திரும்பவும் விழக்கூடும். கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடுகளில் "அம்மா இருங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்ற அன்பும் இதைத்தான் செய்கிறது.

கதிரையால் எழும்பி, வழக்கமான வேகத்தில் 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க 12 செக்கனோ கூடவோ எடுத்தால் விழும் ஆபத்து உண்டு, கவனம். இப்படிச் சோதிக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்கவேணும்.

"விழுந்தனீங்களோ?" என்றால் பலர் மறைப்பார்கள். "சுவரைப் பிடிச்சனீங்களோ, கால் தடுக்கினதோ?" என்று கேளுங்கள், உண்மை வரும்.

ஊன்றுபொல்லு மூலையில் கிடப்பதற்கு வெட்கம் மட்டுமல்ல, அதன் பொருந்தாத உயரமும் காரணம். செருப்போடு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வரவேணும்.