ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் கார்பன் மோனாக்சைடு விஷம் இருக்கலாம்

"மூடிய அறையில் கரி எரிந்து தலை சுற்றுகிறதா? விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுங்கள், 95-க்கு மேல் இருந்தால் பயமில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள், கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவால் உயிரே போகலாம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்ல, அந்தக் கருவி 660, 940 நானோமீட்டர் என இரண்டே அலைநீளங்களில் ஒளியை விரலுக்குள் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. சிக்கல் என்னவென்றால், கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினும் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) ஆக்சிஜன் ஒட்டியதைப் போலவே சிவப்பாக இருக்கும், 660-இல் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உறிஞ்சும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும் வாயு இது. 30 சதவீத ஹீமோகுளோபினை அது பிடித்து வைத்திருந்தாலும் திரையில் 97, 98 என்றே வரலாம்.

சரி, தமனி ரத்தப் பரிசோதனை? அதிலும் ஆக்சிஜன் அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லும் அளவு ஏமாற்றிவிடும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினைப் பல அலைநீளங்களில் நேரடியாக அளக்கும் ரத்தப் பரிசோதனைக் கருவியான கோ-ஆக்சிமீட்டர்தான் வேண்டும், அதற்குச் சிரை ரத்தம்கூடப் போதும்.

சந்தேகம் வந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளிக்காற்றுக்கு வாருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாஸ்க் வழியாக 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால், சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் எடுக்கும் விஷம் ஒன்று, ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும்.