புட்டியில் உள்ள '-50' உறையும் அளவு அல்ல

ஆர்.வி. வண்டியின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) தண்ணீர்க் குழாய்களில் குளிர்காலத்துக்கு முன் ஏற்றும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (உறைதடுப்புத் திரவம்) புட்டியில் '-50' என்று இருந்தால், மைனஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அது உறையாது, அதற்கு முன்பே கெட்டியானால் சரக்கு போலி என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அந்த எண் குறிப்பது வேறு.

அது, குழாய் வெடிக்காமல் தாங்கும் அளவு. புரோபிலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த இந்தத் திரவம் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலேயே, 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், கூழாகத் தொடங்கிவிடும். வெறும் தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயையும் இணைப்புகளையும் பிளக்கும். இந்தக் கூழோ கல்லாக இறுகாது, குழாய்க்குள்ளேயே நகர்ந்து இடம் கொடுக்கும்.

சந்தேகம் இருந்தால் புட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். '-50' பக்கத்தில் 'பர்ஸ்ட் புரொடெக்‌ஷன்' (வெடிப்புப் பாதுகாப்பு) என்று இருக்கும். தயாரிப்பாளரின் தகவல் தாளில் உறைநிலை தனியாக இருக்கும். இன்னும் எளிது, ஒரு பிளாஸ்டிக் கப்பில் கொஞ்சம் ஊற்றி வீட்டு ஃப்ரீசரில் ராத்திரி வையுங்கள். காலையில் ஸ்பூன் உள்ளே இறங்கினால், அது கல்லாக இறுகாமல் கூழாகத்தான் ஆகியிருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே தண்ணீர் கப்பும் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒன்று மட்டும்: குழாயில் மிச்சத் தண்ணீர் கலந்தால் இந்தப் பாதுகாப்பு குறையும். அதனால் முதலில் நன்றாக வடித்துவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் அடர் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை ஓடவிடுங்கள்.