பாம்பின் வாலைப் பிடித்தால் கடிக்காது என்பது தவறு
வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் பாம்பால் எழும்பிக் கடிக்க முடியாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் காபிக் களத்துக்கு எலி தேடி வந்த ஆறடிச் சாரையை என் சித்தப்பா மகன் அப்படித்தான் தூக்கினான். கண் மூடித் திறப்பதற்குள் அது தன் உடம்பையே பற்றி ஏறி வந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டது. சாரைக்கு விஷம் இல்லை, சரி. அதே இடத்தில் கண்ணாடி விரியன் இருந்திருந்தால்? பாம்புக்கும் இது கொடுமைதான். மொத்த எடையும் வாலில் தொங்கினால் முதுகெலும்பு அடிபடும். அந்தச் சாரை பின்பாதியை இழுத்துக்கொண்டே வேலிக்குள் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு முன் இங்கே கருத்து எழுதிய ஒருவர் 'அப்புறம் என்னதான் செய்வது' என்று கேட்டிருக்கிறார். பத்தடி தள்ளி நின்று அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள், குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்திவிட்டு தீயணைப்புத் துறையின் 101-க்கு அடியுங்கள். சேலத்தில் அக்கா வீட்டு மோட்டார் அறையில் நல்ல பாம்பு புகுந்தபோது தீயணைப்பு வீரர்கள் கொக்கிக் கம்பியால் நடு உடம்பைத் தாங்கி, அவசரப்படாமல் பைக்குள் விட்டார்கள்.